கிட்டங்கித் தெருவுக்கு வந்த தொண்ணூற்றேழு பேர்

நான் என் கையால் எழுதிய தொண்ணூற்றேழு பேரும் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி டவுன் பஸ்ஸில் வந்து, பஞ்சுக்கிட்டங்கி நிறுத்தத்தில் இறங்கி, ஆளுக்கொரு பையோடு, பைக்குள் ஒன்றும் இல்லாமல், கிட்டங்கித் தெருவுக்குள் வரிசையாக நடந்து போனபோது, ரேஷன் கடை முன்னால் நின்றவர்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தால் வரிசையில் இடம் போய்விடும். "யாரு இவங்கல்லாம்?" என்று ஒருத்தி மட்டும் கேட்டாள். "சர்வேயில பேர் இருக்காம்" என்றார் எடைபோடுகிறவர். அரசாங்கத் தாளில் பேர் இருப்பவர்கள் வந்துதானே ஆக வேண்டும் என்பதால், அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவர்களை உண்டாக்கியவள் நான்தான். எட்டு வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அவர்கள் எல்லோருக்கும் ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் வந்துவிட்டன, இனி யார் நினைத்தாலும் அவர்களை இல்லை என்று சொல்ல முடியாது என்கிற தைரியத்தில் சொல்கிறேன்.

அப்போது நான் கட்டடக்கலை நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சிந்துஜா என்று பேர், சிவகாசிப் பக்கம் ஊர், வகுப்பில் அட்டையில் கட்டட மாதிரி செய்வதில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள். அந்தப் பருவத்தில் எங்களுக்கு வந்த பாடம் சமுதாய, பண்பாட்டு வெளிகளை வடிவமைப்பது. நகரத்தின் தெற்கே, பஞ்சு மூட்டை அடுக்கிவைக்கிற பழைய கிட்டங்கி ஒன்று இடிந்து விழுந்து, வெறும் மண் தரையாகக் கிடந்தது. அதில் மாநகராட்சி ஒரு சமுதாயக் கூடம் கட்டப் போகிறது, மாணவர்கள் வரைந்ததில் நல்லதை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்கள். விதி ஒன்றே ஒன்றுதான். முதலில் அங்கே குடியிருக்கிற நூற்றிருபது பேரிடம் பதினான்கு கேள்வி கேட்டு எழுத வேண்டும், அப்புறம்தான் பென்சிலைத் தொட வேண்டும்.

நான் பென்சிலை முதலில் தொட்டேன். கேள்வி கேட்கப் போவதற்கு மூன்று வாரம் முன்பே என் மாதிரி தயாராக இருந்தது. பிறைநிலா வடிவத்தில் ஒன்பது படிகள், நடுவில் வட்டமாக ஒரு மேடை, சுற்றிலும் வெள்ளைச் சுவர்கள், படிகளில் கட்டைவிரல் உயரத்துக்கு வெள்ளை மனிதர்கள், அவர்களில் பலூன் பிடித்த ஒரு பெண்குழந்தை. அந்தக் குழந்தை எல்லா மாணவர்களின் மாதிரியிலும் இருப்பாள், எந்த ஊர், யார் பிள்ளை என்று யாரும் கேட்டதில்லை. அந்தப் படிகளின் வளைவைச் செதுக்க எனக்குப் பதினோரு பிளேடு ஆயிற்று. அதன் மேல் எனக்கு இருந்த ஆசையை, பெற்ற பிள்ளை மேல்கூட யாரும் வைக்க மாட்டார்கள்.

அதற்கப்புறம்தான் படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு கிட்டங்கித் தெருவுக்குப் போனேன். தெரு என்பது பெயருக்குத்தான். நான்கு சந்துகள், அறுபத்தொரு வீடுகள், சந்தின் அகலம் மூன்றரை அடி, ஒவ்வொரு சந்தும் பாதியில் ஒரு முறை ஒடிந்து திரும்பும். இரண்டு மத்தியானம் வெயிலில் நின்று இருபத்து மூன்று பேரிடம் கேட்டேன். பதினான்காவது கேள்வி, 'இந்த இடத்தில் உங்களுக்கு என்ன வேண்டும்?' அதற்கு இருபத்து மூன்று பேரும், தங்களுக்குள் பேசி வைத்ததுபோல, ஒரே பதிலைச் சொன்னார்கள். செத்தவர்களைக் கிடத்த ஓர் இடம்.

இருபத்து மூன்றாவதாக நான் கேட்டது குருவம்மாளிடம். ஐம்பத்திரண்டு வயது, கழிவுப் பஞ்சு பிரிக்கிற வேலை, முடியிலும் புருவத்திலும் எந்நேரமும் பஞ்சுத் தூசி. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு "ஒருத்தி" என்றாள். ஓய்வு நேரம் என்று கேட்டதற்கு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "இல்ல" என்றாள். பதினான்காவது கேள்விக்கு மட்டும் நின்று பதில் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரு செத்தப்ப, பாடை சந்து முக்குல திரும்பல பாப்பா. பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு, தலை சாயாம ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு, பஸ்ஸுக்குப் போற ஆளு மாதிரி வெளிய தூக்கிட்டு வந்தோம். மெயின் ரோட்டோரம்தான் கிடத்துனோம், அங்கதான் குளிப்பாட்டுனோம். தண்ணி லாரிக்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டே நிக்கிறான். 'சீக்கிரம் எடுங்க, சீக்கிரம் எடுங்க'ன்னு ஊரே சொல்லுது. இருபத்தெட்டு வருசம் கூட வாழ்ந்த மனுசன், அரை மணி நேரம் அழ விடல. ஒரு கூரை, ஒரு கல்லு மேடை, ஒரு தண்ணிக் குழா. அது போதும்னு எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். அப்போது எனக்குள் முதலில் வந்தது இரக்கம் இல்லை, எரிச்சல். இதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. பண்பாட்டு வெளி என்று தலைப்பு இருக்க, பிணம் கிடத்துகிற மேடையை யார் தேர்ந்தெடுப்பார்கள், என் ஒன்பது படியை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்றுதான் பஸ் ஏறும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தயிர்சாதம் சாப்பிட்டு முடித்த கையோடு, விடுதி மெஸ்ஸிலேயே உட்கார்ந்து மீதிப் படிவங்களை நிரப்ப ஆரம்பித்தேன். பேருக்கு எங்கே போவது? சித்தப்பா மகள் கல்யாணப் பத்திரிகை பையில் இருந்தது, அதன் பின்பக்கத்தில் தங்கள் வரவை விரும்பும் சொந்தக்காரர்கள் பொடி எழுத்தில் வரிசையாக நின்றார்கள். முதல் பேரை எடுத்து இருபத்து நான்காம் படிவத்தில் எழுதினேன், பாக்கியத்தாய். மற்றதை எல்லாம் யோசிக்கச் சோம்பலாக இருந்ததால், வயது முதல் பதினான்காம் கேள்வி வரைக்கும் எல்லாக் கட்டத்திலும் 'மேற்படி', 'மேற்படி' என்று போட்டு நிரப்பினேன். அப்படிப் போட்டால் பதிலும் குருவம்மாளின் பதிலாகவே போய்விடும் என்பது அடுத்த படிவத்தை எடுத்த பிறகுதான் உறைத்தது. அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும் என்று அதை அப்படியே விட்டுவிட்டு, இருபத்தைந்திலிருந்து பார்த்து எழுதினேன். ஞானதிரவியம், வயது நாற்பத்தேழு, கூலி, வீட்டில் நான்கு பேர், ஓய்வு நேரம் மாலை ஐந்து முதல் ஏழு வரை, தேவை திறந்தவெளி அரங்கம். இப்படியே நூற்றிருபது வரைக்கும். தெருவில் இல்லாத வீட்டு எண்களை எல்லாம் போட்டேன். கடைசியில், 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் நேரில் கேட்டு எழுதப்பட்டவை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டேன். மாலை டீ வருவதற்குள் வேலை முடிந்தது.

எங்கள் கிரேஸ் மேடம் சிவப்பு மையில் 'சர்வே அருமை' என்று எழுதினார். மாநகராட்சி என் ஒன்பது படியைத் தேர்ந்தெடுத்தது. வியாழக்கிழமை என் அறிக்கையில் ரப்பர் ஸ்டாம்ப் விழுந்தது. வெள்ளிக்கிழமை அவர்கள் வந்துவிட்டார்கள்.

வந்தவர்களுக்கு முதல் சிக்கல் வீடு. தெருவில் வீட்டு எண் அறுபத்தொன்றோடு முடிந்துவிடும், ஞானதிரவியம் கையில் இருந்த எண்ணோ எண்பத்தேழு. தெருக்காரர்கள் கூடிப் பேசி, எண் இருக்கிறது, எண்ணுக்குத்தான் வீடு இல்லை, வீடு இல்லாதது அந்த மனுசன் குற்றமா என்று முடிவு பண்ணி, தண்ணீர் டிரம்முக்கு ஓர் எண், மாடிப்படி அடிக்கு ஓர் எண், இரண்டு வீட்டுக்கு நடுவே தார்ப்பாய் கட்டிய இடுக்குக்கு ஓர் எண் என்று பெயின்ட்டில் எழுதி, ஆளுக்கு ஓர் இடமாக உட்கார வைத்தார்கள். தபால்காரர் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டார். எண்பத்தேழுக்கு வருகிற தபாலை டிரம் மூடிக்கு மேல் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது சிக்கல், அவர்களுக்குப் பதினான்கு பதில்களுக்கு மேல் ஒன்றும் தெரியாது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "குடும்ப உறுப்பினர்கள் நான்கு பேர்" என்பார்கள். "அந்த நாலு பேரு எங்க?" என்று கேட்டால் முழிப்பார்கள். எழுதினவள் எண்ணிக்கையைத்தான் எழுதினாள், ஆட்களை எழுதவில்லை. அறுபது பேருக்குத் தொழில் என்று வெறுமனே 'கூலி' போட்டிருந்தேன். அந்த அறுபது பேரும் விடியற்காலையில் எழுந்து முக்குரோட்டில் போய், என்ன வேலை என்று தெரியாமலே நின்றார்கள். தெருக்காரர்கள் அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய், ஒருத்தருக்குச் சித்தாள் வேலை, ஒருத்தருக்கு மூட்டை தூக்குவது, இன்னொருத்தருக்குப் பஞ்சு பிரிப்பது என்று பழக்கினார்கள். துணி பிழியவும், பேன் பார்க்கவும், குழாயடியில் சண்டை போட்டுவிட்டு மறுநாளே பேசிக்கொள்ளவும் கற்றுக்கொடுத்தார்கள்.

மாலை ஐந்து மணிதான் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. ஐந்தரைக்குத் தண்ணீர் வரும், தெருவே குடத்தோடு ஓடும், அந்த நேரம் பார்த்து, வந்தவர்களில் ஒருத்தி நீங்கலாக மற்றத் தொண்ணூற்றாறு பேரும் கிட்டங்கி மைதானத்துக்குப் போய், அங்கே இல்லாத என் ஒன்பது படிகள் இருந்திருக்க வேண்டிய இடத்தில், பிறைநிலா வடிவத்தில் மண்ணில் உட்கார்ந்து, நடுவில் ஒன்றுமில்லாத இடத்தையே ஏழு மணி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் நான்கு நாள் பிள்ளைகள் சிரித்தன. ஐந்தாம் நாள் ஒருத்தி, "சும்மாதான உக்காந்துருக்கீங்க" என்று சொல்லித் தன் கைக்குழந்தையை ஒரு மடியில் போட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். மறுநாள் முப்பது குழந்தைகள். கீரை ஆய்கிறவர்கள் கட்டுக் கட்டாகக் கீரையை மடியில் வைத்தார்கள். இவர்கள் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, கீரையை ஆய்ந்துகொண்டு, நடுவிலிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருந்தார்கள். எந்தக் கலை நிகழ்ச்சிக்கு என்று எனக்கே தெரியாது.

தொண்ணூற்றேழில் ஒருத்தி மட்டும் அங்கே போகவில்லை. பாக்கியத்தாய் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக நடந்து வந்து, குருவம்மாளின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். குருவம்மாள் குனிந்தால் ஒரு நொடி கழித்து இவள் குனிவாள். அவள் பஞ்சு பிரித்தால் இவளும் பிரிப்பாள். பேரைக் கேட்டால் சொல்வாள், வேறு எதைக் கேட்டாலும் "மேற்படி" என்பாள். வீட்டில் எத்தனை பேர் என்று ரேஷன் கடையில் கேட்டபோதும் அவள் "மேற்படி" என்றதால், ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்துகொண்டு இரண்டு பேருமே 'ஒருத்தி' என்று கணக்கில் இருந்தார்கள்.

"பின்னாடியே ஒருத்தி நிக்கிறா, நல்லதாப் போச்சு" என்றாள் குருவம்மாள். "முதுகு தேய்க்க ஆள் கிடைச்சுச்சு." புருஷன் செத்த திதிக்கு அவள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதபோது, பாக்கியத்தாயும் ஒரு நொடி கழித்து, அதே புருஷனுக்காக, அதே மாதிரி அழுதாளாம். குருவம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்து, முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டாளாம்.

இதெல்லாம் எனக்கு மாநகராட்சிப் பொறியாளர் சொல்லித்தான் தெரிந்தது. "உங்க சர்வே ஆளுங்க எல்லாரும் இருக்காங்கம்மா, அடுத்த மாசம் கருத்துக்கேட்புக் கூட்டம், ஒவ்வொருத்தரா வாயால சொல்லணும்" என்றார். கூட்டத்தில் எந்தப் பதிலுக்கு ஆள் அதிகமோ அதுதான் கட்டப்படும். இருபத்து மூன்றும் பாக்கியத்தாயும் சேர்ந்து இருபத்து நான்கு பேர் ஒரு பக்கம், நான் எழுதிய தொண்ணூற்றாறு பேர் ஒரு பக்கம். அவர்கள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே தெருக்காரர்களைத் தோற்கடிக்கப் போகிறார்கள்.

கடைசித் தொண்ணூற்றேழு படிவமும் பொய் என்று ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு கிட்டங்கித் தெருவுக்குப் போனேன். யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர்களோ என்னைப் பெண் கொடுத்த வீட்டுக்காரி மாதிரி வரவேற்றார்கள். "வாம்மா, ஒன் ஆளுங்க எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று ஒருவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஞானதிரவியம் எழுந்து நின்று, "எங்கள் பகுதியில் கலை நிகழ்ச்சிகளுக்கான திறந்தவெளி அரங்கம் தேவைப்படுகிறது" என்றார். என் எழுத்து நடை அப்படியே இருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

குருவம்மாள் பஞ்சு பிரித்துக்கொண்டே கடிதத்தை என்னையே வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அவள் பின்னால் பாக்கியத்தாய் பஞ்சு பிரித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, இதக் குடுத்தா என்ன ஆகும்?"

"அந்தப் படிவம் எல்லாம் செல்லாதுன்னு சொல்லிருவாங்கக்கா."

"அப்ப இவங்க?"

வெளியே மைதானத்தில் தொண்ணூற்றாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு குழந்தை யாருடைய மடியிலோ சிரித்தது.

"நீ பண்ணுன தப்புக்கு இவங்க எதுக்குப் போகணும்?" என்றாள் குருவம்மாள். "வந்து ஒரு மாசம் ஆகல. இப்பத்தான் ஒரு வாய் ருசியாத் தின்னப் பழகுதுக. அதுகள இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு, நீ ஹாஸ்டலுக்குப் போயி நிம்மதியா இருக்கலாம்னு பாக்குற."

"அப்ப உங்களுக்கு இடம் கிடைக்காதேக்கா. அவங்க எல்லாரும் அரங்கம்னு சொல்லிருவாங்களே."

"இருந்து பாக்கட்டும். எத்தன நாளைக்கு ஒருத்தி எழுதிக் குடுத்ததையே சொல்லுவாங்க?" கடிதத்தை வாங்கி நான்காக மடித்து என் பைக்குள் அவளே வைத்தாள். "ஒனக்கு மனசு கனமா இருக்கு, அதுக்காக வந்துருக்க. கனமாவே இருக்கட்டும் பாப்பா. ஒண்ணும் ஆகாது."

அந்தக் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. அவள் சொன்னதற்காகக் கொடுக்கவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பாதி அவள் சொன்னதற்காக, பாதி என் ஒன்பது படிக்காக.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் மைதானத்தைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். வாசலில் பெரிய பேனர் வைத்தார்கள், அதில் என் அரங்கம், படிகளில் சிரிக்கிற மனிதர்கள், பலூன் பிடித்த குழந்தை, மூலையில் என் பெயர். அதற்கப்புறம் தொண்ணூற்றாறு பேரும் தகரத்துக்கு வெளியே ரோட்டோரமாக, ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் பஞ்சு பிரித்துக்கொண்டிருந்த குருவம்மாள், மூச்சு முட்டுகிறது என்று சொல்லிச் சாய்ந்தவள்தான். எனக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. வீட்டு வாசலில் பாடையை வைக்கக்கூட இடமில்லாமல், அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முந்தானையை நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டி, பாக்கியத்தாய் தலை சாயாமல் பிடித்துக்கொள்ள, சந்து முக்கில் ஒரு தரம் உயர்த்தி ஒரு தரம் சாய்த்துத் திருப்பி வெளியே கொண்டுவந்தார்கள். அந்த முக்கை நான் டேப் வைத்து அளந்திருக்கிறேன். மூன்றடி ஐந்து அங்குலம் என்று என் வரைபடத்தில் துல்லியமாக இருந்தது.

மெயின் ரோட்டோரத்தில், என் பேனருக்குக் கீழே, பெஞ்சு போட்டு அவளைக் கிடத்தினார்கள். நான்கு பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடிக்க, உள்ளே குளிப்பாட்டினார்கள். தண்ணீர் பேனரின் அடியில் ஓடியது. மேலே என் வெள்ளை மனிதர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பேனரைக் கிழித்திருக்கலாம். எட்டிப் பார்க்கிற தைரியம்கூட இல்லாமல் மின்கம்பத்துக்குப் பின்னால் நின்றேன்.

பாக்கியத்தாய் ஒரு நொடி கழித்து, பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில், குருவம்மாள் கிடந்த மாதிரியே கண்ணை மூடிப் படுத்துக்கொண்டாள். யாரும் அவளை எழுப்பவில்லை. ஒருத்தி அவள் தலைக்கு ஒரு பையை மடித்து வைத்தாள், இன்னொருத்தி அவ்வப்போது குனிந்து மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். வந்துகொண்டிருந்தது.

தண்ணீர் லாரி ஆரன் அடிக்க ஆரம்பித்தது. அப்போது மணி ஐந்து. தொண்ணூற்றாறு பேரும் சந்துகளிலிருந்து வந்தார்கள். தகரத்து ஓரத்தில் உட்காரப் போனவர்கள், பெஞ்சைப் பார்த்தார்கள், நின்றார்கள், பிறகு ரோட்டின் நடுவரைக்கும் இறங்கி, அவளைச் சுற்றிப் பிறைநிலா வடிவத்தில் உட்கார்ந்தார்கள். இத்தனை நாள் வெறும் மண்ணைப் பார்த்துக் காத்திருந்தவர்களுக்கு முன்னால் அன்றைக்குத்தான் ஒரு மனுஷி இருந்தாள். லாரிக்காரர் இறங்கி வந்து, "எவ்வளவு நேரங்க ஆகும்?" என்றார். "மாலை ஐந்து முதல் ஏழு வரை" என்றார் ஞானதிரவியம், திரும்பிப் பார்க்காமல். பின்னால் பஸ் நின்றது, ஆட்டோக்கள் நின்றன, ஆரன் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுப் பிறகு அலுத்துப்போய் நின்றது. அவர்களை நகர்த்த யாராலும் முடியவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அந்த நேரத்தில் உட்காருவதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. கிட்டங்கித் தெருவில் முதல் முறையாக ஒரு பிணத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரம் அழ முடிந்தது. அவளைப் பற்றிப் பேசினார்கள், பாடினார்கள், அவள் போட்ட சண்டைகளைச் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தார்கள். தொண்ணூற்றாறு பேரும் கண்ணெடுக்காமல் பார்த்தார்கள். ஆறரை மணிவாக்கில் ஞானதிரவியத்தின் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அதை நான் எந்தக் கட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஏழு மணிக்கு அவளைத் தூக்கினார்கள். பாக்கியத்தாயைத் தூக்க யாரும் வரவில்லை. அவள் அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தாள். பிறகு கண்ணைத் திறந்து, முன்னால் யாரும் இல்லாததைப் பார்த்து, தானாகவே எழுந்து உட்கார்ந்தாள்.

கூட்டம் மைதானத்துக்குள் சாமியானா போட்டு நடந்தது. நான் பையில் அந்த நான்காக மடித்த கடிதத்தோடு முன்வரிசையில் இருந்தேன். பொறியாளர் என் அறிக்கையை வைத்துக்கொண்டு எண் வாரியாகக் கூப்பிட்டார். ஒன்று முதல் இருபத்திரண்டு வரைக்கும் எழுந்தவர்கள் பழைய பதிலையே சொன்னார்கள். இருபத்து மூன்று, குருவம்மாள் என்றார். யாரும் எழவில்லை.

"இறந்துட்டாங்க சார்" என்றார் தெருக்காரர் ஒருவர்.

"அப்ப பேர அடிச்சிரவா?"

"அடிக்காதீங்க. அவங்க சொன்னது இருக்கட்டும். வாசிங்க."

அவர் வாசித்தார். ஒரு கூரை, ஒரு கல் மேடை, ஒரு தண்ணீர்க் குழாய். இருபத்து நான்கு, பாக்கியத்தாய். அவள் எழுந்து, "மேற்படி" என்றாள். இருபத்தைந்து, ஞானதிரவியம். அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எங்கள் பகுதியில் கலை..." என்று ஆரம்பித்தார். நின்றார். "மேற்படி" என்றார். இருபத்தாறு, மேற்படி. இருபத்தேழு, மேற்படி. சாமியானாவுக்குக் கீழே ஒவ்வொருவராக எழுந்து உட்கார, எண்பதில் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நூற்றுப்பத்தில் அவர் பேரைச் சொல்வதற்கு முன்னாலேயே பதில் வந்தது, நூற்றிருபதாம் எண்ணின் மேற்படியோடு பட்டியல் முடிந்தது.

"நூத்திருபதுக்கு நூத்திருபது" என்றார் பொறியாளர். "ஆனா உங்க ரிப்போர்ட்ல வேற மாதிரி இருக்கேம்மா?"

அந்தக் கடிதத்தை அப்போது எடுத்தால் தொண்ணூற்றேழு பேரும் இல்லாமல் போவார்கள். எடுக்காவிட்டால் நான் நல்லவளாகவே எழுந்து வீட்டுக்குப் போகலாம். எழுந்து நின்றேன். "நான் கேக்காமலே எழுதிட்டேன் சார்" என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை. சொன்னது முழு உண்மை, அதனால் யாரும் இல்லாமல் போகவில்லை.

அவர் என்னையே பார்த்தார். திட்டுவதற்கு வாயெடுத்து, சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு, வெற்றுப் படிவக் கட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "அப்ப இப்பக் கேட்டு எழுதும்மா. எழுதி அடியில கையெழுத்துப் போட்டுக் குடு."

என் ஒன்பது படியைத் தேர்ந்தெடுத்தது ரத்தானது, அந்தப் பாடத்தை மறு வருஷம் திரும்பப் படித்தேன், இன்றைக்கு அந்த மைதானத்தில் நிற்கிற கூரையை வரைந்தது வேறொரு மாணவன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தச் சந்து முக்கை இடித்து ஆறடியாக்கியதும் அவன்தான்.

அன்றைக்கு அந்தச் சாமியானாவுக்குள்ளேயே நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தொண்ணூற்றேழு பேரும் வரிசையில் நின்றார்கள். ஞானதிரவியத்திடம் முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஓய்வு நேரம் என்று கேட்டபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அஞ்சரைக்குத் தண்ணி வருது, அஞ்சு மணிக்குப் பிள்ளைகளைப் பிடிக்கணும். இதுல ஓய்வு எங்கிட்டும்மா இருக்கு?" 'இல்லை' என்று எழுதினேன்.

பாக்கியத்தாய் எண்படி முதலில் வந்திருக்க வேண்டும். யாருக்காவது பின்னால் நின்றே பழகியவள், வரிசையின் கடைசியில் போய் நின்றிருந்தாள். அவள் முறை வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. பேர் கேட்டேன், சொன்னாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். 'மேற்படி' என்று சொல்லப் போகிறாள் என்று பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் தனக்கு முன்னால் இருந்த காலி இடத்தைப் பார்த்தாள். ஒரு நொடி ஆயிற்று, இன்னொரு நொடியும் ஆயிற்று.

"ரெண்டு பேர் இருந்தோம்" என்றாள்.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்.